வெள்ளிக்கிழமை விட்ட எருதுத் தவளை

1. வாளி

தேவன் அண்ணை மூடிய வாளியோடு கடைக்குள் வந்தபோதே உள்ளே என்ன இருக்கும் என்று எனக்கு விளங்கிவிட்டது. கோலியர்ஸ் வுட் என்ற ஆங்கிலேயப் புறநகரில் ஒரு மீன்தொட்டிக் கடையில் அப்போது எனக்கு வேலை. சில வருடங்களுக்கு முன் அவருடைய தோட்டத்துக் குளத்துக்கு அமெரிக்க எருதுத் தவளையின் வாற்பேத்தைக் குஞ்சுகளை நான்தான் விற்றிருந்தேன். அந்த நாளில் அவற்றை இறக்குமதி செய்யத் தடை இருக்கவில்லை.

"தம்பி, நீர் தந்தது என்ர தங்கமீன் எல்லாத்தையும் திண்டிட்டுது. பொழுதுபட்டால் காணும், மாடு மாதிரிக் கத்துது. நான் வளவுக்குள்ள மாடு கட்டியிருக்கிறன் எண்டு பக்கத்து வீட்டு வெள்ளை கவுன்சிலுக்குச் சொல்லிப்போட்டான்!"

துணியை விலக்கினேன். சோற்றுக்கோப்பை அளவு உடம்பு. கண்ணைவிடப் பெரிய செவிப்பறை, ஆகவே ஆண். நான் யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்தவன். வாய்க்குள் அடங்குகிற எதையும், தன் இனத்துக் குஞ்சுகளைக்கூட, இது விழுங்கும் என்று விற்கும்போதே தெரியும். சொன்னால் வாங்கமாட்டார் என்பதும் தெரியும்.

முதலாளி கல்லாவிலிருந்து கையை அசைத்தார். "வித்ததைத் திருப்பி எடுக்கேலாது. படிச்ச மனுசன், நீர் சமாளியும்."

"மிருக வைத்தியரிட்டக் கொண்டுபோங்கோ அண்ணை. ஊசி போட்டுவிடுவினம்," என்றேன்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமாக் கொல்லச் சொல்லுறீரோ? நான் கோயிலுக்குப் போறன் காணும்."

பின்னறையில் ஒரு தொட்டி காலியாக இருந்தது. தவளையைத் திருப்பி எடுத்தால் தொட்டி கழுவுவதும் தீன் போடுவதும் என் தலையில் விழும்.

"அப்ப பார்க் குளத்தில விட்டுவிடுங்கோ."

"நீர் நல்லா இருப்பீர்!" என்று போய்விட்டார்.

2. குளம்

அந்தக் கோடையில் குளத்திலிருந்து எருதுக் குரல் கேட்டது. பூங்காக் காவலர் வந்து, இப்படி ஒன்றை நீங்கள் விற்றதுண்டா என்று விசாரித்தார். இல்லை என்றேன். இந்த இனம் தான் சாகாமலே நோய்க்கிருமிகளைக் காவக்கூடியது. உண்மையைச் சொல்லியிருந்தால் உடனே பிடித்துச் சோதித்திருப்பார்கள். அவர்கள் அதைப் பிடிக்க அடுத்த கோடையாகிவிட்டது. அதற்குள் உள்ளூர்த் தவளைகள் கரையில் செத்துக் கிடந்தன. நோய் அதிலிருந்துதான் வந்ததா, முன்பே இருந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போதும் மாசி பிறந்தால் வீட்டில் இருப்புக்கொள்ளாது. விடிந்ததும் அந்தக் குளத்துக்குப் போய்க் கரையோரம் உள்ளூர்த் தவளைகளின் முட்டைத் திரளைத் தேடுவேன். பஸ்சில் திரும்பும்போது, நாணலடியைச் சரியாகப் பார்க்கவில்லையோ என்று தோன்றும். அடுத்த தரிப்பில் இறங்கி மறுபடி நடப்பேன். இந்த வருடமும் வெறும் தண்ணீர்தான்.

உயிருள்ளதை விற்கும் கடையில் வேலைக்குச் சேருகிறவர்களே, அது எவ்வளவு வளரும் என்பதை விற்கமுன் சொல்லுங்கள். பின்னறையில் ஒரு தொட்டியைக் காலியாகவே வைத்திருங்கள். வாளியோடு ஒருவர் வந்தால் அதை வாங்கிக்கொள்ளுங்கள்.