அப்பாவின் செபப் பாட்டு

சிறுமலையில் வாழைத்தார் சுமக்கும் வேலையை விட்டுவிட்டு, மலைப்பாதையில் நடந்தே இறங்கி, மதியம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். வாசலில் பழைய புத்தகம் விற்பவரிடம் ஒரு மெலிந்த கவிதைப் புத்தகம் கிடந்தது. அட்டையில் இருந்த பெயர் பெரிய நாவலாசிரியர் ஒருவருடையது.

"இவரு கவிதையும் எழுதுனாரா?"

"எழுதுனாரு. நாவல்தான் போகும். இதை ஆரும் தொடமாட்டாங்க."

பிரித்த பக்கத்தில் இரண்டு வரி:

பசித்தவனை விரட்டிய கையால்
உனக்கு மெழுகுவத்தி ஏற்ற மாட்டேன், ஆண்டவரே.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இது எங்கள் வீட்டுச் செபப் பாட்டு. தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து வரும் அப்பா, குளித்தும் போகாத சுண்ணாம்பு வாடையோடு மாதா படத்தின் முன் முட்டி போட்டு, தினமும் சாயங்காலம் இதைத்தான் பாடுவார். கோயிலில் கொடுத்த பாட்டுத் தாளில் எழுதியவர் பெயர் கிடையாது.

எட்டாம் வகுப்பில் இதே ஆளின் நாவல் என் பையில் இருந்தது. அப்பா அதை அடுப்பில் போட்டார். "சாமி இல்லேங்கிறவன் புத்தகத்தைப் படிக்கவாலே பள்ளிக்கூடம் போறே? போனது போதும்" என்றார். அத்தோடு என் படிப்பு நின்றது. அன்று சாயங்காலமும் அதே பாட்டைத்தான் பாடினார். நானும் கூடவே பாடினேன்.

இப்போது போய்ச் சொல்லலாம் என்றால் அப்பா உயிரோடு இல்லை.

மறுநாள் காலை ஒரு பிரியாணிக் கடையில் வேலை கேட்டேன். முதலாளி, "எம்புட்டுப் படிச்சிருக்கே?" என்றார்.

"எட்டு."

"ஏன் நிறுத்துனே?"

இத்தனை வருசமாய், வீட்டில் கஷ்டம் என்றுதான் சொல்லிவந்தேன். "ஒரு பாட்டை எழுதுனது யாருன்னு எங்கப்பாவுக்குத் தெரியலைண்ணே" என்றேன்.

அவர் கடையின் பின்பக்கம் கைகாட்டி, "சரி, அண்டாவைத் தேய்" என்றார்.