அத்தான் வாங்கிய மரப் பிடங்குத் துவக்கு

பிளாஸ்ரிக்கைப் பற்றி என் அத்தானுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. மொன்றியல் நகரத்து லாசாலில் ஜன்னல் செய்கிற தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை. மரச் சட்டம் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும், பிளாஸ்ரிக்குக்கு அந்தச் சோலியே இல்லை என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லுவார். யார் வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணி வர முதல் எழும்பிப் போய் ஜன்னல் சட்டத்தைத் தட்டிப் பார்ப்பார். அப்படிப்பட்ட மனிதர், வேட்டைக்குத் துவக்கு வாங்கப் போய் மரப் பிடங்கு வைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்தார். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பத்திக்கொண்டு வருகிறது.

அவர் பெயர் கணேசலிங்கம். என் அக்கா செல்வமலரின் புருசன். நான் ரதீசன். என்னை இந்த மொன்றியலுக்குக் கூப்பிட்டு எடுத்தவர் அவர்தான். அதனால் அவரைப் பற்றி நான் ஏதாவது கோபமாகச் சொன்னால், அந்தக் கோபத்தில் பாதிக்கு மேல் மற்றவர்களுக்குச் சேரவேண்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு நீள மேசை இருக்கிறது. அத்தானோடு வேலை செய்கிற, பிரெஞ்சு கதைக்கிற கெபெக் ஆட்கள் நாலைந்து பேர் அதில் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரே கதைதான். மூஸ். மாட்டைவிடப் பெரிய, அகன்ற கொம்பு வைத்த காட்டு மான். ஒவ்வொரு ஒக்ரோபரும் ஒரு கிழமை லீவு போட்டுவிட்டு வடக்கே காட்டுக்குப் போவார்கள். போக முதல் ஆறு மாதம் போகப்போகிற கதை, வந்த பிறகு ஆறு மாதம் போய்வந்த கதை. அத்தான் அதே மேசையில் புட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வாய் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவரும் அவரைத் துரத்தவில்லை. கதிரையைத் தள்ளி இடம்கூட விடுவார்கள். ஆனால் ஒரு வசனம் அவர் பக்கம் திரும்பாது. அவர்கள் காட்டில் நிற்கிற கிழமை அவர்களுடைய மெசினையும் இவர்தான் பார்ப்பார். திரும்பி வந்து போனில் படம் காட்டினால், பிள்ளை பிறந்ததைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டு “பிறாவோ” என்பார்.

இதில் எனக்கு விசர் வருகிற விசயம் என்னவென்றால், யாருமே கேட்காமல் இந்த மனிதர் வேட்டைப் படிப்பும் துவக்கு அனுமதியும் பிரெஞ்சிலேயே சோதனை எழுதி எடுத்து வைத்திருந்தார். சொல்லாத கலியாணத்துக்கு உடுப்பு எடுத்து வைத்த மாதிரி.

போன வருடக் கோடையில் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு முழங்காலில் ஒப்பரேசன். அவர் வரமாட்டார். அவர்களுடைய மேற்பார்வையாளர் றெஜான், அத்தானின் மெசினடிக்கு வந்து, “கணேஷ், ஒக்ரோபரில் எங்களோடு வாறியா?” என்று கேட்டாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்த முகத்தைப் பற்றி அக்கா சொன்னாள்: “எங்கடை கலியாணத்தண்டுகூட உந்த மனிசன்ரை முகத்திலை இவ்வளவு வெளிச்சம் இல்லையடா.”

துவக்குக் கடைக்கு நான்தான் என் டெலிவரி வானில் கூட்டிப்போனேன். கடையில் நின்ற பிள்ளை இரண்டை எடுத்து மேசையில் வைத்தாள். குழலும் குண்டும் ஒரே அளவு. ஒன்று புதிது, தோளில் அழுத்துகிற பிடங்கிலிருந்து குழலுக்கு அடியில் கை தாங்குகிற இடம்வரை கறுத்தப் பிளாஸ்ரிக். மற்றது கைமாறி வந்தது, வால்நட் மரம், மேல் வார்னிஷ் இடைக்கிடை தேய்ந்து போயிருந்தது. வடிவு என்றால் மரம்தான் வடிவு, அதை நான் மறைக்கவில்லை. அந்தப் பிள்ளை நேர்மையானவள். குழலுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு கடதாசியை விட்டு இழுத்துக் காட்டினாள். “இந்த இடைவெளி எப்போதும் இருக்கவேண்டும். தண்ணீர் போய் மரம் ஊதிக் குழலில் முட்டினால், நீங்கள் ஒன்றைப் பார்த்துச் சுட, குண்டு வேறு ஒன்றுக்குப் போகும். மழைக்குப் பிளாஸ்ரிக்தான் நல்லது” என்றாள்.

“அத்தான், இதிலை யோசிக்க என்ன கிடக்கு? உங்கடை ஜன்னல் கதைதான் இதுவும். கறுப்பை எடுங்கோ.”

“றெஜானிட்டை இருக்கிறது மரம், ரதீசன். அவரின்ரை தேப்பன் வைச்சிருந்த துவக்காம். பிளாஸ்ரிக் வைச்சிருக்கிறவை பொழுதுபோக்குக்கு வாறவை எண்டு சொல்லுவார். நான் அதோடை போய் நிண்டா என்ன நினைப்பினம்?”

“நினைச்சா நினைக்கட்டும். மழையிலை நனையப்போறது துவக்கு. அவையின்ரை நினைப்பில்லை.”

“உனக்கு விளங்காதடா.”

எனக்கு நன்றாகவே விளங்கியது. அதுதான் கடுப்பு.

செப்ரெம்பரில் றெஜானோடு சுடுகிற திடலுக்குப் போய்க் குறியைச் சரி பார்த்தார். குண்டெல்லாம் ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் வாயளவு வட்டத்துக்குள் விழுந்ததாம். றெஜான் பிடங்கைத் தடவிப் பார்த்து, “இதுதான் மரம்” என்று முதுகில் தட்டினாராம். அத்தான் அதை எனக்குப் போனில் சொன்னார், அன்றைக்குப் பின்னேரம் வந்து நேரிலும் சொன்னார்.

வீட்டில் அக்காவுக்கு முதலில் விருப்பமில்லை. வாயில்லாத சீவனைக் கொல்லப் போறீங்களோ என்று கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பேந்து ஒரு சமாதானத்துக்கு வந்தாள். நவராத்திரி முடியத்தான் பயணம், அதனால் துவக்கைச் சரஸ்வதி பூசைக்கு வைத்துவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். எங்கள் வீடுகளில் அன்றைக்குக் கத்தி, தையல் மெசின், அத்தானின் திருகாணிப் பெட்டி, என் டெலிவரி வானை ஸ்ராட் பண்ணுகிற திறப்பு எல்லாம் சாமியறைக்குள் போகும். பூசைக்கு வைக்கிற எதையும் கழுவாமல் வைப்பதில்லை. அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை, யோசித்துத் தடுக்கிறவரும் இல்லை.

அத்தான் வேலைக்குப் போன நேரம் அக்கா துவக்கைக் குளிக்கிற தொட்டியில் கிடத்தி, மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறாள். இரும்பு துருப்பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும், அதைத் துடைத்து எண்ணெய் பூசினாள். மரத்துக்கு என்ன வரப்போகிறது? ஈரச் சிவப்புப் பட்டுத் துண்டைச் சுற்றி, சந்தனம் குங்குமம் அப்பி, கும்பத்துக்குப் பக்கத்தில் விஜயதசமிவரை நிறுத்திவைத்தாள். விசைக்குப் பூட்டுப் போட்டபடி சாமியறையில் ஒரு துவக்கு. நானும் போய் அவலும் கடலையும் சாப்பிட்டேன்.

“பாத்தியே தம்பி, மரமெண்டபடியால்தான் சந்தனம் நிக்குது. பிளாஸ்ரிக்கெண்டா வழுகி விழுந்திருக்கும்” என்றாள் அக்கா. அத்தான் சிரித்தார். கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறுநாள் விடிய றெஜானின் வாகனம் வந்து ஏற்றிக்கொண்டு போனது.

போய் ஒரு கிழமையில், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எனக்குப் போன்.

“ரதீசன், லொங்குய்ய் மெற்றோவடியிலை நிக்கிறன். வரேலுமே? துவக்கோடை உள்ளுக்கை ஏறேலாது.”

அட கோதாரி! றெஜானின் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், லொங்குய்யில்தான். அவர் தன் வீட்டுக்குப் போகிற வழியில் இந்த மனிதரை மெற்றோவடியில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது குளிர் மழை. அத்தான் சுவரோரமாக, ஆளுயரத் துவக்குப் பெட்டியைப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு கையையும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வெளியே வைத்துக்கொண்டு நின்றார். சனம் விலகி விலகிப் போனது. கண்ணாடிக்கு உள்ளேயிருந்து ஒரு காவலாளி அவரையே பார்த்துக்கொண்டு ரேடியோவில் கதைத்துக்கொண்டிருந்தான்.

“அறிவு கெட்டதுகள்! எங்கடை நிறத்திலை ஒருத்தர் உந்தப் பெட்டியோடை றோட்டிலை நிண்டா என்ன நடக்கும் எண்டு தெரியாதே? வீட்டை கொண்டந்து விட்டா பாலம் இடிஞ்சு விழுந்திடுமோ?”

“சத்தம் போடாதை. வாகனத்தை எடு.”

சம்பிளேன் பாலத்தில் ஏறின பிறகுதான் கதைத்தார். மூன்றாம் நாள் காலை றெஜான் மூஸ் கத்துகிற மாதிரிக் குரல் கொடுக்க, பெரிய கொம்பு வைத்த ஆண் ஒன்று மரங்களை விட்டு வெளியே வந்து நின்றதாம். முதல்முறை வந்தவர் என்று மரியாதைக்கு அந்தச் சூட்டை இவருக்கு விட்டுக்கொடுத்தார்களாம். இவர் நெஞ்சைப் பார்த்துத்தான் சுட்டார். குண்டு வயிற்றில் பட்டது. அது சேற்றுக் காட்டுக்குள் இறங்கிப் போய்விட்டது. இருட்டும்வரை இரத்தத்தைப் பார்த்துப் பார்த்துத் தேடினார்கள். இரவு மழை பெய்து இரத்தத்தையும் கழுவிவிட்டது. அடுத்த நாளும் தேடினார்கள். கிடைக்கவில்லை.

“பேந்து றெஜான் என்ரை துவக்கை வாங்கி ஒரு மட்டையிலை சுட்டுப் பாத்தார். ஒரு சாண் விலகிப் போகுது. கடதாசியை விட்டுப் பாத்தார், இறுகி நிக்குது. ஆணியைக் கழட்டி மரத்தை எடுத்தார். உள்ளுக்கை முழுக்க மஞ்சள்.”

“ஐயோ அத்தான்.”

“விரலாலை தொட்டு மணந்து பாத்திட்டு, இதென்ன எண்டு கேட்டார். என்ரை மனிசி சாமிக்காகக் கழுவினவ எண்டு சொன்னன்.”

“சிரிச்சவங்களோ?”

“சிரிச்சிருந்தாப் பரவாயில்லை. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. பேந்து வேறையொண்டும் மாட்டேல்லை. மிச்ச நாள் நான்தான் சமைச்சனான்.”

லாசாலில் வீடு கிட்ட வருகிற நேரம் அவர் என் கையைப் பிடித்தார்.

“அக்காவுக்குச் சொல்லாதை. அவள் சாமிக்கெண்டு செய்தது. அந்தச் சீவன் சேத்துக்கை கிடந்து துடிச்சுச் செத்ததெண்டு தெரிஞ்சா, இனி அவள் விளக்கு வைப்பாளோ?”

அக்கா வாசலிலேயே நின்றாள். “என்னப்பா, கண்டனீங்களோ?”

“இல்லை. ஒண்டும் வரேல்லை.”

அவளுக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் கவலை. “நான் பூசையை வடிவாச் செய்யேல்லைப் போலை. அவசரத்திலை செய்தது. வாற வருசம் பாருங்கோ” என்றாள். அத்தான் ஓம் என்று தலையாட்டிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினார். நான் அங்கே நிற்கமுடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

அந்தப் பனிக்காலம் முழுக்க நீள மேசையில் கதிரை விட்டுக்கொடுக்க ஆளில்லை. அத்தான் புட்டுப் பெட்டியைத் தன் மெசினடியில் வைத்துச் சாப்பிட்டார். அக்காவுக்கு இதுவும் தெரியாது. பெட்டி வெறுமையாகத் திரும்பி வந்தால் அவளுக்குக் காணும்.

இந்த வருடம் ஆடி மாதம், றெஜான் திரும்பவும் வந்து கூப்பிட்டதாக அத்தான் சொன்னபோது, நான் விசரன், சந்தோசப்பட்டேன்.

“அப்ப அந்தத் துவக்குக்குப் பிளாஸ்ரிக் பிடங்கு ஒண்டு வாங்கிப் பூட்டுவம், அத்தான். கழட்டிப் பூட்டுறது லேசு. மரத்தைத் தூக்கி எறியுங்கோ.”

“ஆருக்குப் பூட்டுறது? துவக்கு வேண்டாமாம்.”

“துவக்கில்லாமல் என்ன வேட்டை?”

அப்போதுதான் விசயம் வெளியே வந்தது. அவர்கள் போகிற காட்டில் ஒரு மூஸ் விழுந்தால் சட்டப்படி அதில் இரண்டு பேர் வாங்கின வேட்டை அனுமதிச் சீட்டைக் கட்டவேண்டும். முழங்கால்காரர் இனி வரமாட்டார், ஒரு சீட்டுக் குறைகிறது. முதல்முறை கூப்பிட்டதும் அதற்குத்தான். அத்தான் சீட்டை எடுத்துக்கொண்டு வந்தால் போதும். போன தடவை வைத்த கோழிக்கறி எல்லாருக்கும் பிடித்ததாம், தூளும் கொண்டு வரட்டாம்.

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“வாறன் எண்டு சொன்னனான்.”

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. “சீட்டுக்கும் கறிச்சட்டிக்கும் உங்களைக் கூப்பிடினம், நீங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு போறியள்! வெக்கமில்லையோ உங்களுக்கு? மூஞ்சையிலை அடிச்ச மாதிரி மாட்டன் எண்டு சொல்லத் தெரியாதோ?”

அவர் கோபப்படவில்லை. ஜன்னல் சட்டத்தில் ஒட்டியிருந்த தூசியை விரலால் தட்டிவிட்டார்.

“வெக்கம் இருக்குது ரதீசன். ஆனா மேசையிலை திரும்பவும் கதைக்கினம்.”

அதற்குமேல் அவரை நான் என்னவென்று ஏசுவது? அந்தக் கூட்டத்தை நினைத்து வயிறெரிந்தேன்.

சரஸ்வதி பூசைக்கு இந்த முறையும் போனேன். குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. தொட்டிக்குள் துவக்கு. அக்கா சீலையை இடுப்பில் சொருகிக்கொண்டு மஞ்சளைக் கரைத்துக்கொண்டிருந்தாள். துவக்கும் காட்டுக்குப் போகிறது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அத்தான் தொட்டி விளிம்பில் தண்ணி அள்ளுகிற கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். அவர் அன்றைக்கு லீவு எடுத்திருந்தார்.

“வா தம்பி. போன முறை மேலாலைதான் கழுவினது. இந்த முறை இவரும் உதவிக்கு நிக்கிறார்” என்றாள் அக்கா. பிறகு அவர் பக்கம் திரும்பி, “அந்தக் குழலுக்கும் மரத்துக்கும் இடையிலையும் ஊத்துங்கோப்பா, அதுக்குள்ளைதான் ஊத்தை நிக்கும்” என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அத்தான் என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன். மரம் ஊதும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர், கோப்பையைச் சரித்து, அந்த இடைவெளிக்குள் பார்த்துப் பார்த்து ஊற்றினார்.