பச்சை நட்சத்திரம்

எங்கள் வகுப்பில் அவளை இஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அம்மா தெருமுனையில் துணி தேய்க்கிற கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டதும் தேய்த்த துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது இவள் வேலை. ஓட்டப்பந்தயத்தில் எப்போதும் கடைசிதான் வருவாள், அதில் துளி வெட்கம் கிடையாது. "யாராவது ஒருத்தி கடைசியா வரணும்ல? அந்த வேலையை நான் பாத்துக்குறேன்" என்பாள்.

என்னை எல்லோரும் மூட்டை என்பார்கள். அவள் மட்டும் சோம்பேறி என்பாள். அதிலாவது உண்மை இருந்தது.

போன வருடம் ஒருநாள் பாதித் துணிக்கட்டை என் கையில் திணித்தாள். "துணைக்கு வா, சோம்பேறி. அஞ்சு மாடி ஏறணும்."

"லிஃப்ட் இருக்கே?"

"லிஃப்ட்ல போனா சட்டை கசங்கிடும்."

வடிகட்டின பொய். தெரிந்தும் ஏறினேன். இரண்டாவது மாடியிலேயே நாக்குத் தள்ளியது. அவள் படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். இரண்டு அவித்த முட்டைகள். ஒன்றை என்னிடம் நீட்டினாள். "தின்னுட்டு ஏறு. நீ மயங்கி விழுந்தா துணியை யார் மறுபடி துவைக்கிறது?" ஆறு மாதத்தில் ஐந்து மாடியையும் பேசிக்கொண்டே ஏறினேன். என் எடை என்னவென்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

அப்புறம்தான் வந்தது அந்தப் பாழாய்ப்போன பலகை. பள்ளியில் மாணவிகள் நலக்குழு ஆரம்பித்தார்கள். தலைவி எங்கள் வகுப்பு ஓட்டக்காரி, எல்லோருக்கும் கேப்டன். நல்லெண்ணம்தான், யார் இல்லை என்றார்கள்? அந்த நல்லெண்ணத்தைத் தூக்கிக் குப்பையில் போட! திங்கட்கிழமை காலையில் வராந்தாவில் எடை மெஷினை வைப்பார்கள். பக்கத்தில் வெள்ளைப் பலகையில் பெயரும் கிலோவும் எழுதுவார்கள், அதிக எடை மேலே. யாருக்கு நிறையக் குறைந்ததோ அவளுக்குப் பச்சை நட்சத்திரம். முதல் இரண்டு வாரமும் முதல் வரியில் என் பெயர்தான். போகிறவர் வருகிறவரெல்லாம் படித்துவிட்டுப் போனார்கள்.

"உன்னை ஊக்கப்படுத்தத்தான்டி" என்றாள் கேப்டன்.

ஊக்கமாம், ஊக்கம்! எனக்கு வயிறு எரிந்தது. அந்த வயிற்றுக்கு நான் சோறு போடுவதை நிறுத்தினேன். திட்டி நிறுத்த இஸ்திரியும் இல்லை. ஐந்து நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் எழுந்து வந்ததும் பழையபடி துணி தூக்கினோம். நான்காவது மாடியில் எனக்குக் கண் இருட்டியது. சட்டைகள் படியெல்லாம் சிதற, கைப்பிடியைப் பிடித்தபடியே சரிந்தேன். அவள் சட்டைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டப்பாவை நீட்டினாள். நான் தள்ளிவிட்டேன்.

"நாளைக்கு எடை பாப்பாங்க."

"எப்பலேருந்து சாப்பிடல?"

"வெள்ளிக்கிழமைலேருந்து."

"அறிவிருக்காடி உனக்கு?" அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. "அவளுங்களுக்குத்தான் இல்ல, உனக்குமா இல்லாம போச்சு?" சொல்லும்போதே அழுதுவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. பயந்துபோய் ஒரு வாய் தின்றேன், அதற்குமேல் இறங்கவில்லை.

மறுநாள் காலை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இஸ்திரி மெஷினில் ஏறினாள். கேப்டன் துள்ளினாள். "மூணு கிலோ குறைஞ்சிருக்கு! பாருங்க எல்லாரும், இதுக்குப் பேர்தான் முயற்சி!" பச்சைப் பேனாவால் பெரிய நட்சத்திரமாக வரைந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

இஸ்திரி மெஷினை விட்டு இறங்கவில்லை. "என்னடி முயற்சி? அஞ்சு நாள் காய்ச்சல். குடிச்ச தண்ணிகூட உள்ள நிக்கல. வாந்தி எடுத்ததுக்கா நட்சத்திரம் குடுக்குற?"

கைதட்டல் நின்றது. இஸ்திரி தன் அம்மா கடையிலிருந்து கொண்டுவந்த ஈரத்துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தாள். முதலில் என் பெயர் போனது, கடைசியில் அவள் நட்சத்திரம்.

"யாரைக் கேட்டு அழிக்கிற? மிஸ்கிட்ட சொல்லிடுவேன்!" என்றாள் கேப்டன்.

"தாராளமா சொல்லு. நட்சத்திரம் எதுக்குக் குடுத்தேன்னும் சேர்த்துச் சொல்லு."

டப்பாவை என் கையில் வைத்தாள். மெஷினுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து திறந்தேன்.

"எடை பாக்குறதுக்கு முன்னாடி சாப்பிடாதடி!" என்றாள் கேப்டன்.

"பசிக்குதுடி!" என்று கத்தினேன். வராந்தா முழுக்கக் கேட்டது. முழு முட்டையையும் தின்றேன்.

இன்னொன்று மிச்சம் இருந்தது. இஸ்திரியின் மணிக்கட்டைப் பார்த்தேன், வளையல் முழங்கை வரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"தின்னு, சோம்பேறி" என்று முட்டையை அவளிடம் நீட்டினேன். "சாயங்காலம் அஞ்சு மாடி ஏறணும்."