மகனின் கிதாருக்குப் பித்தளை பிரிட்ஜ்

ஊரிலுள்ள எலெக்ட்ரிக் கிதார்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். 'டாக்டர்' என்றே பட்டப்பெயர். கம்பிகள் வந்து உட்காரும் உலோகப் பகுதியான பிரிட்ஜைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், ஆளை நிறுத்த முடியாது. மட்டமான துத்தநாக வார்ப்பு கம்பியின் அதிர்வைப் பாதியிலேயே விழுங்கிவிடும்; எஃகு பளிச்சென்று பேசும்; பித்தளையோ கனத்து, நெடுநேரம் நிற்கும் என்பார். இப்படி வாய் கிழியப் பேசியவர், சொந்த மகனின் கிதாரில் மட்டும் துத்தநாகத்தை விட்டுவைத்திருந்தார்.

"அப்பா, எனக்கும் பித்தளை போட்டுக் குடுப்பா."

"கடையில வேலை தலைக்கு மேல கிடக்கு. அடுத்த வாரம் பாக்கலாம்டா."

அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன பையன் வீடு திரும்பவில்லை.

அதற்கப்புறம் பெற்றவள் தினமும் அவன் அறைக்குப் போய்க் கம்பியை ஒரு தட்டு தட்டுவாள். 'டங்'கென்று ஒரு மொட்டைச் சத்தம், எழுந்த கையோடு அடங்கிவிடும். பிள்ளை இருந்தபோது சுவர் தாண்டி வந்த அதே சத்தம். அது காதில் விழுந்தால்தான் அவளுக்கு அன்றைய வேலை ஓடும்.

ஒருநாள் பிரிட்ஜின் திருகு மரை போய்க் கம்பி தொங்கிவிட்டது.

"திருகை மட்டும் மாத்திக் குடுங்க. வேற எதையும் தொடாதீங்க."

சரியென்று தலையாட்டினார். கிதாரைப் பட்டறை மேசையில் கிடத்தியதும் மனசு கேட்கவில்லை. பிள்ளை ஆசையாகக் கேட்டதை இப்போதாவது செய்வோமே என்று பித்தளையில் புது பிரிட்ஜ் ஒன்றைக் கடைந்தார். கனமான அந்தப் பித்தளை உட்காரக் கிதாரின் மரத்தையும் குடைந்தார். பழைய துத்தநாகம் உடைசல்களோடு உடைசலாகப் பழைய இரும்புக்காரரின் வண்டியில் ஏறிப் போனது.

வீட்டில் அவள் கம்பியைத் தட்டினாள். சத்தம் எழுந்து, தடித்து, அறையை நிறைத்தது. ஓய்கிற வழியாக இல்லை. அவள் முகம் மாறியது.

"இது யாரோட சத்தம்?"

"அவன் ஆசைப்பட்ட பித்தளைம்மா. எவ்வளவு நேரம் நிக்குது பாத்தியா!"

"பழசையே திருப்பிப் போடுங்க."

எங்கே போய் எடுப்பது? வேறொரு துத்தநாகத்தை வாங்கி, குடைந்த மரத்தை அடைத்துப் பொருத்தினாலும் அந்தச் சத்தம் வராது. அதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? "அது பழைய இரும்புக்காரர் வண்டியில போயிடுச்சும்மா" என்றார். அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அவன் இருக்கும்போது கேட்டான், செய்யல. நான் வேண்டாம்னு சொன்னேன், செஞ்சுட்டீங்க."

அவள் அழக்கூட இல்லை. கிதாரை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். மறுநாள் அவள் அந்த அறைப் பக்கமே போகவில்லை.