ஏகாதசி இருந்த எலிகள்

ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் போன் வந்தது. "அப்பா போயிட்டாங்க ஆன்ட்டி" என்றாள் ஸ்டெல்லா. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

எங்கள் மருந்தியல் கல்லூரிப் பேராசிரியர் ஆரோக்கியசாமி அவர்கள் இன்சுலினை மாத்திரையாக்க முயன்றே வாழ்நாளைக் கழித்தவர். இன்சுலின் ஒரு பெப்டைடு, அதாவது சிறு புரதம். விழுங்கினால் வயிறு அதைச் செரித்துவிடும். தப்பிப் பிழைத்ததையும் குடல் சுவர் உள்ளே விடாது. "குடலைத் திட்டாதீங்க மேடம். கண்டதையும் உள்ள விட்டா நாம உயிரோட இருப்போமா?" என்பார், கூட வேலை பார்த்த என்னிடம். அந்தச் சுவரின் இடுக்குகளைச் சற்றே நெகிழ்த்தும் மாத்திரை உறை ஒன்றைத் தேடினார். அவருடைய ஒரே மகள் ஸ்டெல்லாவுக்குச் சிறு வயதிலேயே சர்க்கரை நோய். தினமும் ஊசி. தேடியதெல்லாம் அவளுக்காகத்தான்.

ஒரு நாள் காலை, மருந்து கொடுத்த எலிகளுக்குச் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. முந்தின வாரம் வெறும் உறை மட்டும் கொடுத்த எலிகளுக்கு இறங்கவில்லை. சார் அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டார். "இனிமே ஊசி வேணாம்மா. அப்பா மாத்திரை தரேன்." எலியிலிருந்து மனிதருக்கு வர எத்தனை காலமாகும் என்பது அவருக்குத் தெரியாதா? அன்று அவர் அப்பாவாக மட்டும் இருந்தார். குழந்தை தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

பிறகுதான் உறைத்தது. முந்தின நாள் வைகுண்ட ஏகாதசி. உள்ளூர் விடுமுறை என்று தீனி போடுகிறவர் வரவில்லை. எலிகள் பகலும் இரவும் பட்டினி கிடந்திருக்கின்றன. இரு கூண்டுகளையும் ஒரே அளவு பட்டினி போட்டுத் திரும்பச் செய்தோம். வித்தியாசமே இல்லை.

"உங்க பெருமாளுக்காக எலிங்களும் ஏகாதசி இருந்திருக்குங்க மேடம்" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மகளிடம் எப்படிச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற பின்னும் ஆய்வகத்துக்கு வந்துகொண்டிருந்தார். வேறு சில பெப்டைடுகள் மாத்திரையாக வந்துவிட்டன. அவற்றிலும் சொற்பம்தான் ரத்தத்தில் சேர்கிறது. அவர் கேட்ட மாத்திரை வரவில்லை. இரங்கல் கூட்டத்தில் யாராவது அவர் உழைப்பு வீண்போகாது என்பார்கள். வீணாகத்தான் போயிற்று. அதைச் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும்.

கே.கே. நகர் வீட்டுக் கூடத்தில் சார் பெட்டிக்குள் படுத்திருந்தார். மத்தியானம், ஸ்டெல்லாவை நாலு வாய் சாப்பிடச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்தினார்கள். அவள் அப்பாவின் தலைமாட்டை விட்டு எழவில்லை. அங்கேயே சேலையைச் சற்று விலக்கி, வயிற்றில் ஊசியைப் போட்டுக்கொண்டு, தட்டை வாங்கினாள்.

இதை இனி நீங்கள் பார்க்க வேண்டியதில்லை. போய் வாருங்கள் சார்.