டிக் விழுந்தது, பேர் விழவில்லை

இன்று காலை கண் ஆஸ்பத்திரி கவுண்டரில்...

போன வாரமே அவர்கள் வெப்சைட்டில் என் வீட்டுக்காரி செல்வியின் பெயரைப் பதிந்திருந்தேன்.

பச்சை டிக் வந்தது. 'பதிவு வெற்றி' என்றும் வந்தது. (பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைக்காத வெற்றி. ஐந்தாவதோடு நான் நின்றது வேறு கதை.)

நாங்கள் இருவரும் பழவங்காடியில் ஒரே ஹோட்டல் அடுக்களை. நான் தோசைக்கல், அவள் காய் நறுக்குவது. அவள் கண்ணில் புரை. இந்த மாதம் மட்டும் இரண்டு முறை விரலை நறுக்கிக்கொண்டாள். ஆபரேஷனுக்கு நாள் வாங்காமல் கத்தியைத் தொடாதே என்று முதலாளி சொல்லிவிட்டார்.

இருவரும் லீவு போட்டு ஏழு மணிக்கே போய் நின்றால், கவுண்டரில் இருந்த மலையாளத்துச் சேச்சி கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார்.

"அண்ணாச்சி, சிஸ்டத்துல பேரு இல்லல்லோ."

டிக்கைக் காட்டினேன். அது ஸ்க்ரீன், இது சிஸ்டம் என்றார். புதிதாகப் பதிந்தால் அடுத்த மாதம்தானாம்.

வீட்டிலும் நறுக்குவது அவள்தான். அடுத்த மாதத்துக்குள் செல்விக்கு எத்தனை விரல் மிஞ்சும்?

நான் நகரவில்லை. எங்களுக்குப் பின்னால் அதே பச்சை டிக்கோடு இன்னும் நான்கு பேர். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து கம்ப்யூட்டர் பார்க்கும் சார் வந்தார். நரைத்த தாடி, பொறுமையான மனிதர்.

போனில் தெரிவது முன்பக்கம் மட்டுமாம். நாம் கேட்டதை நடுவில் இருக்கும் செர்வர் வாங்கிச் சரிபார்க்குமாம். அதற்கும் பின்னால் இருக்கும் டேட்டாபேஸில்தான் பெயர் ஏறுமாம். நான் பதிந்த அன்றைக்கு அந்த நடு செர்வரால் பின்னால் இருக்கும் டேட்டாபேஸோடு பேச முடியவில்லையாம்.

அட, இது எங்கள் ஹோட்டல் அல்லவா?

"சார், எங்க ஹோட்டல்ல சப்ளையர் 'ரெண்டு நெய் ரோஸ்ட்'னு கத்துவாரு. நான் மாவு இருக்கான்னு பாத்துட்டுத் திருப்பிக் கத்தணும். அதுக்கப்புறந்தான் அவரு டேபிள்ல போயி 'வருது'ம்பாரு. உங்க ஸ்க்ரீன் யாரு கத்துனதக் கேட்டு டிக் போட்டுச்சு?"

சார் தாடியைச் சொறிந்தார்.

"பட்டன் அமுக்கினாலே டிக் காட்டும்படி ஆரோ செஞ்சு வச்சிருக்கு, அண்ணாச்சி. அது தப்பு தன்னே."

கேட்டீர்களா நியாயத்தை? அடுக்களைப் பக்கமே திரும்பாமல் 'வருது' என்று சொல்லியிருக்கிறது. எங்கள் ஹோட்டலில் இப்படிச் செய்தால் சப்ளையர் எச்சில் இலையோடு வெளியே போக வேண்டியதுதான்.

நான் கொதித்துக்கொண்டிருக்கும்போது செல்வி மெதுவாகக் கேட்டாள்.

"சார், நடுவுல உள்ளது நாங்க கேட்டத வாங்குச்சுல்லா? வாங்குனத எங்கயாச்சும் குறிச்சு வச்சிருக்காதா?"

(புரை விழுந்த கண்ணுக்குத்தான் இது தெரிந்தது.)

சார் உள்ளே போய்ப் பார்த்தார். இருந்தது! யார், எந்த நாள், எத்தனை மணிக்குக் கேட்டார்கள் என்று செர்வர் தன் குறிப்பில் வைத்திருந்தது. பின்னால் நின்ற நான்கு பேர் பெயரும் அதில் இருந்தது. எல்லோரையும் இன்றைக்கே ஏற்றச் சொல்லிவிட்டார்.

"இனி போயி இரிங்க. போன்ல மெசேஜ் வரும்," என்றார் சேச்சி.

"மெசேஜ் வேண்டாம் சேச்சி. உள்ளேருந்து ஒரு குரல் வரட்டும்."

கொஞ்ச நேரத்தில் உள் அறையிலிருந்து சார் சிரித்துக்கொண்டே கத்தினார்.

"செல்வி, பதினாலாம் நம்பர்!"

டாக்டர் பார்த்து, வியாழக்கிழமை ஆபரேஷன் என்றார். அவரைத் திருப்பி ஒருமுறை சொல்ல வைத்துவிட்டுத்தான் செல்வி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

ஆமாம், உங்கள் போனில் இருக்கும் பச்சை டிக்குக்கு உள்ளேயிருந்து யாராவது திருப்பிக் கத்தினார்களா?