ஆமைக்குக் கொடுத்த வாக்கு

போன ஞாயிற்றுக்கிழமை, பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். குற்றம்? பாட்டு எழுதியது!

"பிள்ளைச்சாவடி பள்ளிக்கூடத்துல வந்து ஆமைப் பாட்டு சொல்லிக்குடுத்த சார் நீங்கதான?"

"ஆமாம்மா..."

"நல்லா மாட்னீங்க. குந்துங்க. உங்களாலதான் எங்க வூட்டுக்காரரு புது வலைய அறுத்துட்டாரு!"

கூடைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலைத் தள்ளினார். பெயர் செல்வியாம். பக்கத்துக் கடை அம்மாக்கள் மீன் வெட்டுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். எழுந்து ஓடவா முடியும்?

உங்களுக்குத்தான் தெரியுமே — பிள்ளைகளுக்காகச் சின்னச் சின்னப் பாட்டு எழுதுவேன். நரி, கீரி, மலைப்பாம்பு என்று... யாரும் யாரையும் அடிக்காத பாட்டுகள். அதில் ஒன்று, முட்டையிடக் கரையேறும் கடலாமைக்கு:

"ஆமை அக்கா, ஆமை அக்கா,
அஞ்ச வேண்டாம், வா!
தொடவும் மாட்டேன், துரத்த மாட்டேன்,
தூர நிற்பேன், வா!"

நடந்ததைச் செல்வியே சொன்னார். அவர் மகள் மகா இரண்டாம் வகுப்பு. வீட்டில் நாள் முழுக்க இதே பாட்டு. ஒரு காலையில் அவள் அப்பாவின் படகு கரைக்கு வந்தது. வலையில் மீனோடு ஒரு பெரிய ஆமை! உயிர் இருந்தது. ஆனால், துடுப்பு மாதிரியான முன்னங்காலை வலை இறுக்கிச் சுற்றியிருந்தது. பிடித்து இழுத்தால் வலை தப்பும், கால் பிய்ந்துவிடும். அறுத்தால் கால் தப்பும். வலை? இன்னும் சரியாக உப்பே ஏறாத வலை அது.

அப்பா இழுக்கத்தான் கை வைத்தார்.

"தொடாதப்பா!" என்று கத்தினாள் மகா. "தொட மாட்டேன்னு சொல்லியிருக்கேன்!"

"யார்கிட்ட சொன்ன?"

"ஆமைகிட்டதான். டெய்லி சொல்றேன் இல்ல?"

"தொடாம எப்டிம்மா எடுக்கறது? மந்திரம் போட்டா?"

கரையில் எல்லோரும் சிரித்தார்கள். மகா சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தள்ளி நின்று, அழுதபடியே அந்தப் பாட்டைப் பாடியிருக்கிறாள்.

அப்பா மகளையே பார்த்தார். அப்புறம் கத்தியை எடுத்தார். ஆமை மேல் விரல் படாமல், வலையை ஒவ்வொரு கண்ணியாக அறுத்தார்...

"நாளைக்கு இவ கல்யாணத்துக்குக்கூட அந்தாளு அவ்ளோ பொறுமையா வேல பாக்க மாட்டாரு சார்!" என்றார் செல்வி.

ஆமை மெல்லத் திரும்பியது. நகர்ந்து நகர்ந்து அலைக்குள் போய்விட்டது.

ஒன்று சொல்லட்டுமா? 'தொடவும் மாட்டேன், துரத்த மாட்டேன்' — மோனைக்காக விழுந்த வரி. காதுக்கு நன்றாக இருந்தது, வைத்துக்கொண்டேன். அதை ஒரு குழந்தை, தானே கொடுத்த வாக்காக எடுத்துக்கொண்டிருக்கிறது. பெரியவர்கள் நாம் பாட்டுக்குத் தலையாட்டுவதோடு சரி. பிள்ளைகள் கையெழுத்தே போட்டுவிடுகிறார்கள்!

எனக்கும் மேடைகளில் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். அந்த அறுந்த வலைக்கு எதுவும் ஈடில்லை. மகாவுக்கும் அவள் அப்பாவுக்கும் எப்படி நன்றி சொல்வது? ஒரு வரியை அதன் அர்த்தத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் அவர்கள்தானே!

"வலை என்னம்மா ஆச்சு?"

"முடிச்சு போட்டுச் சரிபண்ணிக்கினு இருக்காரு. அந்த மகராணிதான் பக்கத்துல குந்தி நூலு எடுத்துக் குடுக்கறா."

வஞ்சிரத்தை வெட்டிப் பையில் போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு கிளம்பினேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமைக்கு எழுதினீங்க, ரொம்ப சந்தோஷம். மீனுக்கு மட்டும் எழுதிடாதீங்க சார்... நாங்க பொழைக்கணும்!"